அணைக்குள் கிடந்த செம்பாடு

என் தங்கை உதயகலா பெக்கோ ஓட்டுகிறாள். முன்னுக்கு அகன்ற வாளியும் பின்னுக்கு நீண்ட இரும்புக் கையுமாக மஞ்சள் நிறத்தில் வீதியில் போகுமே, அந்த மண் வெட்டும் யந்திரம். வலிகாமத்தில் இந்த வேலை செய்யும் வேறொரு பெண்ணை நான் இதுவரை காணவில்லை. எங்கேனும் இருக்கலாம். இருந்தாலும் இவளைப் போல வாளியைத் தரையில் வைக்கத் தெரிந்தவளாக இருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. தமக்கை தன் தங்கையைத் தூக்கிப் பிடிக்கிறாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையில் குடிநீர்க் குழாய் தாழ்ப்பதற்கு அவள் வெட்டிய கானை நான் தையல் நூல் பிடித்துப் பார்த்திருக்கிறேன். தொடக்கத்திலிருந்து முடிவுவரை நூல் ஓரிடத்திலும் மண்ணில் முட்டவில்லை.

அவள் ஆள் சிறியவள். இருக்கையில் ஒரு தலையணை வைத்தால்தான் வாளியின் பற்கள் அவள் கண்ணுக்குத் தெரியும். வேலைக்குப் போன புதிதில் சுன்னாகத்தில் ஒரு லொறிக்காரர் கேட்டாராம்:

“என்ன தங்கச்சி, ஸ்கூட்டி எண்டு நினைச்சு ஏறிப்போட்டியோ?”

“ஓம் அண்ணை. ஹெல்மெற்றை மறந்துபோனன். உங்கடையை ஒருக்காத் தாங்கோவன்.”

அதற்குப் பிறகு அந்த லொறிக்காரர் தன் வேலைக்கு அவளைத்தான் கேட்டு வாங்குவார்.

யந்திரம் ஓட்ட அவள் பழகியது முகமாலையில். யுத்தம் முடிந்த பிறகு கண்ணிவெடி அகற்றும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தாள். முதலில் முகத்துக்குக் கண்ணாடி மறைப்புப் போட்டு, முழங்காலில் நின்று, கையால் மண்ணைச் சுரண்டும் வேலை. சில வருடங்களுக்குப் பிறகு யந்திரத்தில் ஏற்றினார்கள். லீவில் வீட்டுக்கு வந்தால் நான் வேலையைப் பற்றிக் கேட்பேன். அவள் அதிகம் சொல்ல மாட்டாள். ஒரு முறை மட்டும், நான் சட்டைக்குத் தெறி, அதாவது பொத்தான், தைத்துக்கொண்டிருக்கும்போது, தெறிகள் குத்தியிருந்த அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“உதுமாதிரித்தான் அக்கா. ஒண்டுக்கொண்டு வித்தியாசமே இல்லை. எந்தத் தொகுதி, எந்த வருசம் எண்டு நம்பரும் அடிச்சிருக்கும். செய்யிறது மெஷின். புதைக்கிறது கை. எடுக்கிறதுக்குத்தான் முழங்கால் வேணும்.”

அன்று எனக்கு வேலை ஓடவில்லை. எந்த நாட்டிலோ ஒரு தொழிற்சாலையில் ஒருவர் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு வேலைக்குப் போகிறார். தெறி செய்கிறவரைப் போலவே அவரும் பிழையில்லாமல் செய்கிறார். சம்பளம் எடுக்கிறார். அந்தப் பொருளைப் பெட்டியில் அடுக்குகிறவர், கப்பலில் ஏற்றுகிறவர், லொறியில் கொண்டுபோகிறவர் என்று எல்லோருக்கும் அதில் ஒரு பிழைப்பு இருக்கிறது. அது வந்து சேருகிற நிலத்தில் மாத்திரம் அதற்குப் பிறகு ஒருவருக்கும் பிழைப்பு இல்லை.

எங்கள் நிலத்துக்கும் அதுதான் நடந்தது. ஆனால் வேறு விதமாக.

கீரிமலைக்குத் தெற்கே, பங்குக் கிணறு ஒன்றைச் சுற்றி நாலு குடும்பங்களின் தோட்டம் இருந்தது. எங்கள் ஐயாவினுடையது ஒன்று. மற்றவை இராசநாயகத்தார், முத்துக்குமாரு, மியூரியல் ரீச்சரின் தகப்பனார் ஆகியோருடையவை. வெளியூர் வாசகருக்குப் பங்குக் கிணறு என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். கிணறு ஒருவருக்குச் சொந்தமில்லை. காணியோடு கிணற்றின் பங்கும் சேர்ந்து வரும். இன்ன நாள் இன்னாருடைய முறை என்று இருக்கும். அந்த நாளில் அவர்தான் தோட்டத்துக்கு இறைக்கலாம். வருடத்துக்கு ஒரு தடவை பங்காளர் எல்லோரும் சேர்ந்து கிணற்றை வற்ற இறைத்துச் சேறு வார வேண்டும். ஒரே நாளில் இரண்டு பேருக்கு முறை வந்தால் விடியமுறைக்குத்தான் போட்டி. விடியற்காலையில் கிணறு ஊறி நிறைந்திருக்கும். பின்னால் வருகிறவருக்குக் கலங்கல்தான்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் யுத்தம் மறுபடி தொடங்க எல்லோரும் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். நான் ஏழாம் வகுப்பு. அதோடு என் படிப்பும் முடிந்தது. உதயகலா அம்மாவின் இடுப்பில் இருந்தாள். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று ஐயா வெங்காயத்தைப் பிடுங்காமலே விட்டுவிட்டு வந்தார்.

ஏன் திரும்ப விடவில்லை என்பது எனக்கு விளங்கக் கன காலம் எடுத்தது. யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டிய காலத்தில் பீரங்கிக் குண்டு அதிக தூரம் போகாது. கோட்டையைச் சுற்றி ஒரு முற்றவெளி விட்டால் போதும். அதற்கு அப்பால் சனம் உழலாம், விதைக்கலாம். எங்கள் காலத்துப் பீரங்கி தொழிற்சாலையில் செய்தது. அதன் குண்டு ஊர்களைத் தாண்டிப் போய் விழும். பலாலியில் இராணுவத்தின் விமானத்தளத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்தக் குண்டு வந்து விழாத தூரம்வரை ஆட்களை அகற்ற வேண்டும். முற்றவெளி ஊர் ஊராக வளர்ந்துகொண்டு வந்தது. உள்ளே விமானத்துக்கு எண்ணெய் வேண்டும். எண்ணெய்க்குக் களஞ்சியம் வேண்டும். களஞ்சியத்துக்குக் காவல் வேண்டும். காவலரணுக்கு அணை வேண்டும். அணைக்கு மண் வேண்டும். அந்த மண் எங்களிடம் இருந்தது.

போனது காணி மட்டுமென்று நினைத்தால் பிழை. எங்கள் வெங்காயத்தைக் கொழும்புக்கு ஏற்றிய லொறிக்காரருக்குத் தொழில் போனது. தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவருக்கும் உரக்கடைக்காரருக்கும் போனது. சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள்தான் எங்கள் கத்தரிக்காயை வாங்குகிறவர்கள், அதுவும் பூட்டப்பட்டது. சண்டிலிப்பாய்க்கு வந்து மற்றவரின் புகையிலைத் தோட்டத்தில் கூலிக்குக் கொத்தலாம் என்றால் அங்கேயும் மண்ணெண்ணெய் இல்லாமல் பம்புகள் பேசாமல் கிடந்தன. யூரியா வெடிமருந்தாகும் என்று அதற்கும் தடை. பயிருக்குப் போடுகிற உரமும் யுத்தச் சாமான் ஆகிவிட்ட காலம் அது. ஐயா சொந்தத் தோட்டத்தை மறுபடி பார்க்காமலே அகதி முகாமில் செத்துப்போனார்.

முப்பது வருடம் கழித்து இராணுவம் காணியை விட்டது. நாங்கள் இரண்டு பேரும் பார்க்கப் போனோம். கிணறு இருந்த இடத்தை வைத்துத்தான் எங்கள் காணியைக் கண்டுபிடித்தோம். அங்கே மண் இல்லை. வெறும் சுண்ணக்கல் பல் இளித்துக்கொண்டு கிடந்தது. எங்கள் காணி, முத்துக்குமாருவின் காணி, ரீச்சரின் காணி மூன்றும் அப்படித்தான். புல்டோசரால் வழித்து எடுத்திருந்தார்கள். வழித்த தடம் முடிகிற இடத்தில், இராசநாயகத்தாரின் காணிக்குக் குறுக்கே, இரண்டு ஆள் உயரத்தில் ஒரு மண் அணை நீளமாகப் படுத்திருந்தது. பற்றை முளைத்துப் போயிருந்தாலும் மழை கரைத்த இடங்களில் உள்ளிருந்த சிவப்புத் தெரிந்தது. செம்பாடு. தலைமுறை தலைமுறையாகக் குழை தாழ்த்து, மாட்டுப்பட்டி கட்டி வளர்த்தெடுத்த மண். கண்ணுக்கெட்டிய தூரத்தில் வேறெங்கும் அந்தச் சிவப்பு இல்லை.

உதயகலா அணையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “இதிலை எது அக்கா எங்கடை?” என்று கேட்டாள்.

அதற்கு ஒரு வருடம் கழித்து இந்த விஷயம் தொடங்கியது. அப்போது அவள் பண்டத்தரிப்பு நேசையா அவர்களின் பெக்கோவை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் நேசையா, “கீரிமலைப் பக்கம் மண் ஏத்திற வேலை இருக்குப் பிள்ளை, ஜெயசுதன் எண்டவர் ரிப்பரோடை நிப்பார்” என்று அனுப்பினார். போய்ப் பார்த்தால் அதே அணை. ஜெயசுதன் என்பவர் ரிப்பர் லொறியில் மண் ஏற்றி வீட்டு அத்திவாரங்களுக்கும் வீதிகளுக்கும் விற்கிறவர். இராசநாயகத்தார் அணை முழுவதையும் அவருக்குப் பேசிக் கொடுத்திருந்தார்.

உதயகலா இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினாள். எனக்கு ரெலிபோன் எடுத்து, “அக்கா, கெதியா வா” என்றாள். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவளும் ஜெயசுதனும் இராசநாயகத்தாரும் அணையின் நிழலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, ரிப்பர் வாடகைக்கு நிக்குது. நீங்கள் ஏத்துறியளோ இல்லையோ?” என்று ஜெயசுதன் என் தங்கையிடம் கேட்டார்.

“இதுக்குள்ளை என்ரை தோட்டம் கிடக்குத் தம்பி. என்ரை தோட்டத்தை என்ரை கையாலை ஏத்தச் சொல்லுறீரோ?”

“உங்கடை எண்டு பேர் எழுதியிருக்கோ அதிலை?”

இராசநாயகத்தார் குறுக்கே வந்தார். எழுபது வயது கடந்தவர், பண்டத்தரிப்பில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறார். “பிள்ளை, உன்ரை கொப்பரும் நானும் ஒண்டாத் தோட்டஞ் செய்தனாங்கள். நான் உங்களுக்கு அநியாயம் செய்யேல்லை. உங்கடை காணி வெறுமனாக் கிடக்கு. என்ரை காணியிலை மலை கிடக்கு. என்ரை வீட்டை இடிச்சு அந்தக் கல்லையும் உதுக்குள்ளைதான் போட்டவங்கள். நான் சாகமுதல் உதிலை ஒரு கூரை போடவேணும். உதை ஆர் எடுத்தாலென்ன? எனக்கு நிலம் வேணும்.”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவருடைய நிலத்தில் கிடப்பது அவருடையது என்று அரசாங்கக் கச்சேரிக்குப் போனாலும் சொல்வார்கள். ஆனால் அந்த மண் ரிப்பரில் ஏறிப் போனால் மூன்று காணிகளும் கல்லாகவே கிடக்கும். இனி ஒரு காலத்திலும் அங்கே ஒரு மிளகாய்க் கன்றுகூட நிற்காது.

உதயகலா அவரோடு வாதாடவில்லை. “மாமா, நிலந்தானே வேணும்? நான் துப்பரவாக்கித் தாறன். மண்ணை நாங்கள் எடுக்கிறம்” என்றாள்.

“அவர் காசு தாறார். நீங்கள் என்ன தருவியள்?”

“கிணறு,” என்றாள்.

“கிணறோ?”

“கிணறு முழுக்கக் கல்லும் முள்ளுக்கம்பியும். தனிய நீங்கள் தூர் எடுப்பியளோ? எங்களுக்குத் தோட்டம் இல்லையெண்டால் நாங்கள் ஏன் கிணத்தடிக்கு வாறம்? வீடு கட்டிப்போட்டு என்னத்தைக் குடிக்கப் போறியள்? நாலு பேரும் செய்தால்தானே மாமா அது கிணறு.”

இராசநாயகத்தார் கிணற்றுப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு ஜெயசுதனைப் பார்த்து, “தம்பி, ஒரு மாதம் பொறும்” என்றார். ஜெயசுதன் தலையில் அடித்துக்கொண்டு, “உங்கடை சொந்தக்காரச் சண்டைக்குள்ளை நான் வந்து மாட்டினன் பாருங்கோ” என்று சொல்லி ரிப்பரைத் திருப்பினார். இராசநாயகத்தார் என் தங்கையிடம் திரும்பி விரலை நீட்டினார்.

“ஒரு மாதந்தான். பேந்து அவன் வந்து ஏத்துவான். இன்னொண்டு. அணைக்குக் கீழை இருக்கிறது என்ரை சொந்த மண். அதிலை ஒரு கடகம் மண்ணும் போகப்படாது. நான் கதிரை போட்டு இருந்து பாப்பன்.”

நேசையாவிடம் போய் நடந்ததை அப்படியே சொன்னாள். வாடகை வேலை முடிந்த பின்னேரங்களில் யந்திரத்தை எடுக்கலாம், டீசல் மட்டும் உங்களுடையது என்றார் அவர்.

மற்றப் பங்காளரைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டோம். மியூரியல் ரீச்சர் குடையோடு வந்தார். முத்துக்குமாரு லாண்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு யந்திரத்தில் பெட்டி கொழுவிக்கொண்டே வந்துவிட்டார். மண்ணை எப்படிப் பிரிப்பது என்று கேள்வி வந்தது. யாருடைய காணியிலிருந்து எவ்வளவு வழித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? ரீச்சர்தான் சொன்னார்: “தண்ணியைப் பிரிச்ச மாதிரிப் பிரியுங்கோவன். பங்கு எல்லாருக்கும் பாடந்தானே.” முப்பது வருடத்துக்கு மேலாக யாரும் இறைக்கவில்லை. ஆனாலும் எந்த நாள் யாருடைய முறை என்று ஒருவரும் மறந்திருக்கவில்லை. அதே பங்கு, அதே முறை. எல்லோருக்கும் சம்மதம்.

“அப்ப விடியமுறை எனக்கு,” என்றார் முத்துக்குமாரு.

“ஏன் உமக்கு?” என்று ரீச்சர் கேட்டார்.

“எங்கடை அப்பு காலத்திலையிருந்து விடியமுறை எங்கடை. விட மாட்டன்.”

ரீச்சர் இரண்டாவதுக்குச் சண்டை பிடித்து வாங்கினார். மூன்றாவது எங்களுக்கு விழுந்தது. எனக்கு மனம் சுருங்கியது. உதயகலா மட்டும், “ஆரோ ஒராள் கடைசியா இருக்கத்தானே வேணும் அக்கா” என்றாள். முதல் முறை நல்லது, கடைசி முறை கலங்கல் என்பது மண்ணுக்கும் பொருந்துமா என்று அங்கே நின்றவர்களில் ஒருவரும் யோசித்துப் பார்க்கவில்லை. கிணற்றில் அப்படித்தானே!

வேலை தொடங்கியது. காணியை விடுமுன் கண்ணிவெடி இருக்கிறதா என்று பரிசோதித்துத்தான் விட்டிருந்தார்கள். என்றாலும் அவள் முகமாலைப் பழக்கத்தை விடவில்லை. ஒவ்வொரு இடத்தையும் இறங்கி நடந்து பார்த்த பிறகுதான் வாளியை வைப்பாள். அணையின் தலையிலிருந்து அள்ளி முத்துக்குமாருவின் பெட்டியில் போட்டாள். அவர் கொண்டுபோய்த் தன் காணியில் கொட்டினார். மூன்றாம் நாள் பின்னேரம் அவர் லாண்ட்மாஸ்ரரை நிறுத்திவிட்டு நடந்தே வந்தார். கையில் ஒரு சுவர்த் துண்டு. ஒரு பக்கம் நீலப் பெயின்ற்.

“எடி பிள்ளை, இறங்கு கீழை! இதென்ன?”

கதிரையில் இருந்த இராசநாயகத்தார் எட்டிப் பார்த்தார். “அது என்ரை வீட்டு விறாந்தைச் சுவரெல்லே!”

“உம்மடை வீட்டை முழுக்க என்ரை தோட்டத்திலை கொண்டந்து கொட்டிப்போட்டாள்! கல்லும் கம்பியும் கிழிஞ்ச மண்மூட்டையும். ஒரு பிடி செம்பாடு இல்லை. நான் வெங்காயம் நடுறதோ, வீடு கட்டுறதோ?”

ரீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முத்துக்குமாருவுக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அவர் என் தங்கையைப் பார்த்துச் சொன்னார்:

“இப்பதான் விளங்குது. கடைசி முறை எண்டோடனை ஏன் வாய் திறக்காமல் நிண்டவள் எண்டு. மெஷின் ஓடுறவளுக்கு எல்லாம் தெரியும். மேலை கல்லு, கீழை மண்ணு. கல்லு எனக்கு, சோறு உனக்கு. கெட்டிக்காரி!”

உதயகலாவின் முகம் வெளுத்துப்போனது. நான் அவளை எத்தனையோ நிலையில் பார்த்திருக்கிறேன், அப்படிப் பார்த்ததில்லை. அவளுக்கு அது உண்மையாகவே தெரியாது. அவள் வெட்டுவாள், ஏற்றுவாள். புல்டோசரால் தள்ளி அணை கட்டுகிற வேலை அவள் செய்ததில்லை. அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அணையின் பக்கவாட்டில் போய், மேலிருந்து கீழே நேராக ஒரு வெட்டு வெட்டினாள். எங்கள் எல்லோரையும் கூப்பிட்டாள்.

அந்த வெட்டில் எல்லாம் தெரிந்தது. அடியில் நல்ல செம்பாடு. அதற்கு மேல் கல் கலந்த மண். அதற்கும் மேல் வெறும் கல்லும் இடிபாடும். புல்டோசர் முதலில் வழித்தது மேல்மண்ணை. அதைக் கொண்டுவந்து கீழே போட்டார்கள். பிறகு வழித்தது அதற்கு அடியில் இருந்த கல். அது மேலே ஏறியது. எங்கள் தோட்டங்கள் மூன்றும் அங்கே தலைகீழாகக் கிடந்தன.

“முத்துக்குமாரு அண்ணை,” என்றாள் அவள், “எனக்குத் தெரிஞ்சிருந்தால் உங்களுக்குச் சொல்லியிருப்பன். நீங்கள் நம்ப வேண்டாம். நாளையிலையிருந்து நான் மேலாலை அள்ளேல்லை. பாண் வெட்டுற மாதிரி பக்கத்தாலை வெட்டுறன். ஒவ்வொரு துண்டிலையும் எல்லாம் இருக்கும். உங்களிட்டைக் கொட்டின கல்லை நானே வந்து அள்ளி எங்கடை தோட்டத்து ஒழுங்கைப் பள்ளத்துக்குப் போடுறன். பேந்து உங்கடை முறையைத் திரும்பத் தொடங்குவம்.”

“டீசல்?”

“அது என்ரை.”

முத்துக்குமாரு சுவர்த் துண்டைக் கீழே போட்டார். “விடியமுறை வேணும் எண்டு கத்தினது நான்தானே,” என்று முணுமுணுத்தார். மன்னிப்புக் கேட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த நாள் பின்னேரம் ஒரு போத்தலில் தேநீர் கொண்டுவந்து பெக்கோவின் படியில் வைத்துவிட்டுப் போனார்.

ஒழுங்கைப் பள்ளம் நிரம்பியது. மழைக்கு முழங்காலளவு தண்ணீர் நிற்கிற இடத்தில் இப்போது ஓட்டோ போகிறது. கல்லை ஒரு பக்கமும் மண்ணை ஒரு பக்கமுமாகப் பிரித்து ஏற்றினாள். முத்துக்குமாருவின் பங்கு முடிந்தது. ரீச்சரின் பங்கு முடிந்தது. ஒவ்வொரு துண்டின் அடியிலும் அவள் வாளியை நிறுத்திவிட்டு இறங்குவாள். அணை போட்ட நாளில் கீழே இருந்த புல் மக்கி ஒரு கறுப்புக் கோடாகிக் கிடந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே அணை, கீழே இராசநாயகத்தாரின் நிலம். கோட்டுக்கு மேலிருந்த கடைசிப் படையை மண்வெட்டியால்தான் எடுப்பாள். இராசநாயகத்தார் கதிரையிலிருந்து எழுந்து வந்து குனிந்து பார்ப்பார். “ம்” என்பார். அவ்வளவுதான்.

கடைசித் துண்டு எங்களுடையது. மாதம் முடியக் கொஞ்ச நாள்தான் கிடந்தது. பாதி ஏற்றியிருப்போம், கறுப்புக் கோடு வர இன்னும் ஒரு முழம் இருக்கும்போதே இராசநாயகத்தார் கையைத் தூக்கினார்.

“காணும் பிள்ளை, நிப்பாட்டு. உதிலையிருந்து என்ரை.”

உதயகலா இறங்கிப் போய்ப் பார்த்தாள். நானும் போனேன். அவர் காட்டிய இடத்துக்குக் கீழே மண்ணில் மண்மூட்டையின் பச்சை நார் நீட்டிக்கொண்டிருந்தது. அது அணை மண்தான். அவருக்கும் அது தெரிந்தது. பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அந்த மூலையிலைதான் வீடு போடப்போறன். மேடாக் கிடந்தால் வெள்ளம் வராது,” என்றார் மெதுவாக.

நான் வாயைத் திறந்தேன். உதயகலா என் கையைப் பிடித்தாள். “சரி மாமா,” என்றாள். அந்தப் படையை வாளியின் முதுகால் தடவி மட்டமாக்கிவிட்டு யந்திரத்தைத் திருப்பினாள்.

பஸ்ஸில் வரும்போது நான் விடவில்லை. “எங்கடை மண்ணை ஏனடி விட்டனீ? மற்றவைக்கெல்லாம் கோடுவரை குடுத்தனீ. எங்கடை காணியிலை பாதி கல்லாக் கிடக்குது.”

“அந்தாள் அதை வித்திருந்தால் ஒரு வாளியும் வராதக்கா.”

“அதுக்காக?”

“மெஷின் என்ரை கையிலை இருக்கு. அந்தாளின்ரை கையிலை ஒரு கதிரைதான் இருக்கு. நான் ஒருக்கா வாளியை அமத்தினால் அவரால என்ன செய்ய ஏலும்? அப்பிடித்தானே எங்கடையையும் எடுத்தவங்கள்.”

கோபம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். மண் என்னுடைய ஐயாவுடையது.

நாலு பேரும் சேர்ந்து கிணற்றைத் தூர் எடுத்தோம். முள்ளுக்கம்பியை அவளே பெக்கோவின் நீண்ட கையால் சுருட்டி எடுத்தாள். தண்ணீர் ஊறியது. கார்த்திகை மழை விட்ட பிறகு, மண் விழுந்த பாதிக் காணியில் பாத்தி கட்டினோம். வெங்காயம் நட உதயகலா ஒரு நாள் லீவு எடுத்து வந்தாள்.

எனக்கு அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. தோட்டக்காரனின் மகள், நெற்றியில் வியர்வை வழிய ஒவ்வொரு வெங்காயத்தையும் விரல் முழுவதும் மண்ணுக்குள் போகும்படி அழுத்திப் புதைத்து, மேலே மண் தள்ளி, கையால் தட்டி மூடிக்கொண்டு போனாள். அவள் தன் வாழ்க்கையில் வெங்காயம் நட்டதில்லை. மண்ணுக்குள் இருந்ததை எடுத்துத்தான் அவளுக்குப் பழக்கம். நடுவதற்கு எங்களிடம் நிலம் எப்போது இருந்தது?

தன் காணியில் கயிறு பிடித்து அத்திவாரத்துக்கு அடையாளம் போட்டுக்கொண்டிருந்த இராசநாயகத்தார் அதைக் கண்டுவிட்டார்.

“எடி பிள்ளை, வெங்காயம் நடுறியோ, கண்ணிவெடி புதைக்கிறியோ?”

முத்துக்குமாரு தன் தோட்டத்திலிருந்து குலுங்கிச் சிரித்தது கேட்டது. உதயகலாவும் சிரித்தாள். “என்ன மாமா பிழை?”

“நுனி வெளியிலை தெரியவேணும். அது மூச்சு விட வேண்டாமோ?” அவர் கயிற்றைப் போட்டுவிட்டு எல்லையைத் தாண்டி வந்தார். எங்கள் பாத்தியில் குனிந்து ஒரு வெங்காயத்தைத் தோண்டி எடுத்தார். விரலை இன்னும் கீழே விட்டார். விரல் கல்லில் முட்டியது. பக்கத்துப் பாத்தியிலும் விட்டுப் பார்த்தார். அங்கேயும் முட்டியது. நிமிர்ந்து, மண் விழாத மற்றப் பாதியை, அங்கே கிடந்த சுண்ணக்கல்லை, பார்த்துக்கொண்டு நின்றார்.

“மண் காணாது பிள்ளை,” என்றார். “இது மாசி மாத வெயிலுக்குத் தாங்காது.”

“இருக்கிறதிலை நடுவம் மாமா.”

அவர் திரும்பிப் போனார். தன் கயிற்றைப் பிடுங்கி எடுத்து, வீட்டுக்குக் குறித்திருந்த மூலையை ஒரு பக்கம் ஒதுக்கி, மறுபடி கட்டினார். முன்பைவிட வீடு சிறிதாகிவிட்டது. கயிற்றுக்கு வெளியே விடுபட்ட மண்ணில் தன் மண்வெட்டியைக் குத்தி நிறுத்தினார்.

“முத்துக்குமாரு! உம்மடை லாண்ட்மாஸ்ரரைக் கொண்டாரும். உதுக்குள்ளை பச்சை நார் கிடக்கு, எனக்குத் தெரியும். இந்தப் பக்கத்தை அள்ளட்டும் இவள். கோட்டோடை நிப்பாட்டச் சொல்லும்.”

“பெக்கோ இண்டைக்கு இல்லை மாமா, நேசையா ஐயாவின்ரை வேலையிலை நிக்குது,” என்றாள் உதயகலா.

“மண்வெட்டி இருக்குத்தானே? பிடி.”

அன்று பின்னேரம்வரை அவள் வெட்டினாள், முத்துக்குமாரு ஏற்றினார், நான் எங்கள் கல்லின் மேல் பரவினேன். கறுப்புக் கோடு தெரிந்த இடத்தில் அவள் நிறுத்தினாள். இராசநாயகத்தார் அன்று குனிந்து பார்க்க வரவில்லை. அவர் எங்கள் பாத்தியில் குந்தியிருந்து, அவள் புதைத்த வெங்காயங்களை ஒவ்வொன்றாகத் தோண்டி, நுனி தெரிய நட்டுக்கொண்டிருந்தார்.